அந்த 5 சதவீதம் யாருக்கு?

துபாய்க்குப் பனியன் அனுப்பும் திருப்பூர்ச் சிறு ஏற்றுமதியாளர்கள் சிலர், "ஒப்பந்தம் வந்தும் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லையே" என்று வருந்துகிறார்கள். இந்தியா – ஐக்கிய அரபு அமீரக வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நம் ஆயத்த ஆடைகளுக்கு அங்கே இருந்த 5% சுங்கவரி நீங்கியது. ஆனால் அதைக் கட்டிவந்தது நீங்கள் அல்ல, சரக்கை இறக்கும் பையர். மிச்சமும் அவர் கையில்தான் போய் விழும். நீங்களாகக் கேட்டால்தான் வரும்.

சரக்கு, கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்து 20 லட்சம் ரூபாய் என்றால் பையருக்கு 1 லட்சம் மிச்சம். விலை பேசும்போது பாதியாவது கேளுங்கள். வங்கதேசச் சரக்குக்கு அந்த வரி இன்னும் உண்டு என்பது உங்களுக்குப் பலம். முழுவதையும் கேட்டுப் பிடிவாதம் பிடிக்காதீர்கள். தையல் கூலி குறைந்த டாக்காவுக்கு ஆர்டர் போய்விடும்.

இதெல்லாம், சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் 'சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்' கையில் இருந்தால்தான். அது இல்லாமல் போன பெட்டிக்கு வரி உண்டு. வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். சிக்கல் விண்ணப்பத்தில் இல்லை, பில்களில் இருக்கிறது. நம் ஊரில் நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் வேறிடம். சரக்கு இந்தியாவில்தான் உருவானதா என்று நாளை யாராவது கேட்டால், நூல் பில்லிலிருந்து ஜாப் ஒர்க் பில் வரை கோர்வையாகக் காட்ட வேண்டும். ஆர்டருக்கு ஒரு ஃபைல் போட்டு ஐந்து ஆண்டு வைத்திருங்கள். சீனத் துணி வாங்கித் தைப்பவர்கள், தங்கள் சரக்கு வகையைக் குறிக்கும் ஹெச்.எஸ். எண்ணுக்கு ஒப்பந்தத்தில் என்ன விதி என்று பார்க்காமல் விண்ணப்பிக்கவே கூடாது. டி-ஷர்ட்டுக்கு 6109; இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், சான்றிதழ் மூன்றிலும் அதே எண் இருக்கட்டும்.

"இப்போதும் 5% கட்டுகிறேனே" என்று பையர் சொன்னால், எந்த 5% என்று கேளுங்கள். அங்கே வாட் வரியும் 5 சதவீதம்தான். அதை இந்த ஒப்பந்தம் தொடவில்லை. துபாயில் இறக்கிச் சவுதிக்கு அனுப்புகிறவரா என்றும் விசாரியுங்கள். ஒப்பந்தம் அமீரகத்தோடு மட்டும்தான். சவுதி போகும் சரக்குக்கு வரிச்சலுகையை நம்பி விலையைக் கூட்டிக் கேட்காதீர்கள்.