சோளகம் வீசும் மாதங்களில் எங்கே போவது?

மே மாதக் கடைசியில் நம் பக்கத்து மழை எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பால்வெட்டு நின்றுவிடும். சிரட்டையில் பாலுக்குப் பதில் தண்ணீர் நிற்கும். கொழுந்து மலையில் அட்டை ஏறும். லயத்துக்குப் பின்னால் மண்மேடு உள்ளவர்களுக்கு இரவில் தூக்கம் வராது. 2016 மே 17 அன்று அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்ததைக் கேகாலை மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த மழையைக் கொண்டுவருவது தென்மேற்குக் காற்று. அதே காற்று மலையில் முட்டாமல் வடமேற்குக் கரையோரமாகப் போகும்போது மழை குறைந்து வெறும் காற்றாகவே வீசுகிறது. அங்கே அதற்குச் சோளகம் என்று பெயர். அந்தச் சோளகத்தைத் தேடித்தான் ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் பட்டத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கற்பிட்டிக்கு வருகிறார்கள்.

நான் யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். கற்பிட்டியில் ஒரு முழுப் பருவம் தங்கி வேலை செய்து, கைட் விடக் கற்றுக்கொண்டு வந்தேன்; பெரிய பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று தண்ணீரில் ஓடும் விளையாட்டு அது. அன்றிலிருந்து உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும், கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும் தம்பிமாரும் போனில் ஒரு வீடியோவைக் காட்டி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். வீடியோவில் கரீபியன் கடல், வரிசையாகத் தென்னை, வானம் நிறையப் பட்டங்கள். “அண்ணே, இங்கே போய் மூன்று மாதம் இருந்து படிக்க முடியுமா?” அவர்களுக்குச் சொல்லும் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஊரின் பெயர் கபரெத்தே. டொமினிக்கன் குடியரசின் வடகரையில் இருக்கிறது. காலையில் கடல் அமைதியாகக் கிடக்கும். தரை சூடேறியதும் கடற்காற்று வாணிபக் காற்றோடு சேர்ந்து பிற்பகலில் பலமாக வீசும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றுக்குக் குறைவில்லை. உலகம் முழுக்க கைட் பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் ஐ.கே.ஓ. என்ற அமைப்பு 2001 இல் தொடங்கியது. அதன் இருப்பிடமும் அந்த நாடுதான். படிக்க நல்ல இடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். நேரடி விமானம் கிடையாது; ஐரோப்பா அல்லது அமெரிக்கா வழியாகப் போனால் இடையில் இறங்கும் நாட்டுக்கும் விசா கேட்கலாம். பேச்சு ஸ்பானிய மொழியில். நீங்கள் போக நினைக்கும் அதே மாதங்களில் அங்கே சூறாவளிப் பருவமும் தொடங்கிவிடும். தோட்டத்திலிருந்து முதன்முதலாகக் கடலுக்குப் போகும் பிள்ளைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கி, இரண்டு பருவம் சம்பாதித்து, கொஞ்சம் ஸ்பானியமும் படித்த பிறகு போங்கள்.

கரீபியன் நமக்கு முற்றிலும் அந்நியமான இடமல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் கூலி ஒப்பந்தத்தில் ஆட்களைக் குவாதலூப் தீவுக்குக் கொண்டு போனார்கள். 1889 வரை இந்தியாவிலிருந்து அங்கே போனவர்கள் மொத்தம் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நம் பாட்டன்மார் கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்தது போல அவர்கள் கரும்புக்குப் போனவர்கள். மொழி போய்விட்டது, மாரியம்மன் கும்பிடு மட்டும் இன்றும் இருக்கிறது. அந்தத் தீவிலும் கைட் விடுகிறார்கள். வேறெங்கும் போகாமல் ஒரே ஒரு கரீபியன் தீவை மட்டும் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நான் அதைத்தான் கேட்பேன்.

எந்தக் கடலுக்குப் போவதாக இருந்தாலும் அதற்கு முன்னால் கித்துல்கலைக்குப் போங்கள். நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1957 இல் வெளிவந்த ‘குவாய் நதியின் மேல் பாலம்’ படத்தை எடுத்த களனி கங்கைக் கரை அது. இன்று ரப்பர் படகில் பாய்ந்தோடும் ஆற்றின்மேல் போகும் ராஃப்டிங்கால் பிழைக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஓடையில் குளித்திருப்பார்கள்; நீந்தத் தெரியாது. இடுப்பளவு தண்ணீர்தானே என்று நினைத்துக் கைட்டில் ஏறக்கூடாது. பட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போய் ஆழத்தில் விட்டுவிடும். கித்துல்கலையில் மூன்று நான்கு வாரம் படகுக் கொட்டகையில் உதவிக்கு நின்றால் உயிர்காப்பு ஜாக்கெட்டை ஒழுங்காகக் கட்டவும், நீரோட்டத்தைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளவும், வெளிநாட்டவரிடம் கூச்சமில்லாமல் ஆங்கிலத்தில் பேசவும் பழகிவிடும். தினமும் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பலாம் என்பதால் அம்மாவும் மறுக்கமாட்டார். கால் எட்டாத தண்ணீரில் ஐம்பது மீட்டர் பதறாமல் நீந்த வந்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள். கடும் மழையில் ஆறு பெருகி நிறம் மாறினால், கூப்பிட்டாலும் இறங்கவேண்டாம்.

இனி கற்பிட்டி. என் தேர்வு இதுதான், முதல் பருவத்துக்கு வேறெதையும் சொல்லமாட்டேன்.

புத்தளம் மாவட்டத்தில் கடலுக்கும் களப்புக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மண் அது. மே முதல் ஒக்டோபர் வரை சோளகம். டிசம்பர் முதல் மார்ச் வரை வாடை. வாடை மென்மையானது, சில நாள் ஏமாற்றிவிடும். சோளகம் ஏமாற்றாது. ஜூன், ஜூலையில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வரை நாள்கணக்காக வீசும். கப்பலடி, கண்டக்குழி, குடாவ என்று ஊர் ஊராக முகாம்கள். பல இடங்களில் களப்பையும் கடலையும் பிரிப்பது மெலிந்த மணல் திட்டுத்தான். அலை அதற்கு அப்பால் நின்றுவிடுகிறது, காற்று மட்டும் இப்பால் வருகிறது. ஆகவே களப்பு நீர் தட்டையாக, பல இடங்களில் இடுப்பளவில் இருக்கும். விழுந்தால் எழுந்து நிற்கலாம், பட்டத்தை மறுபடி ஏற்றலாம். கற்பவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கபரெத்தேயில் திறந்த கடலின் அலைக்குள் நின்றுதான் பெரும்பாலும் பழகவேண்டும்.

இரண்டாவது காரணம் மொழி. கற்பிட்டி முஸ்லிம் ஊர்களிலும் கத்தோலிக்க மீனவர் ஊர்களிலும் தமிழ் கேட்கும். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம்கள் வேறொரு தமிழ் பேசுகிறார்கள். நம் தோட்டத்துத் தமிழைக் கேட்டு முதலில் சிரிப்பார்கள், பிறகு “எந்தத் தோட்டம் தம்பி?” என்று கேட்டுச் சோறு போடுவார்கள். மாத வாடகைக்கு அறை கேட்க, கடையில் கடன் சொல்ல, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கூப்பிட, நம் மொழி போதும். காற்று எங்கும் கிடைக்கும். ஆனால் வெளியூரில் ஒரு பருவம் தாக்குப்பிடிப்பதற்கு நம் மொழி வேண்டும்.

பணத்தைப் பேசாமல் வழிகாட்ட முடியாது. தனியாக விடும் நிலைக்கு வர ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரப் பாடம் தேவை. அதற்கு முந்நூறு டாலருக்குமேல் கேட்பார்கள். ஏறக்குறைய 90,000 ரூபாய். 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது 67 நாள் வேலை. அதாவது உங்கள் அம்மா மூன்று மாதம் மலை ஏறி இறங்கவேண்டும். அந்தக் காசை வீட்டில் கேட்காதீர்கள். முகாமில் வேலைக்குச் சேருங்கள். சமையலறை, அறை துப்புரவு, பட்டத்துக்குக் காற்றடிப்பது, கரையில் நின்று பட்டத்தைத் தூக்கிவிடுவது, மாலையில் உப்பைக் கழுவி உலர்த்துவது என்று வேலை இருக்கும். அங்குள்ள உள்ளூர்ப் பயிற்சியாளர்கள் பலர் இப்படிக் கரையில் நின்று கற்றவர்கள்தான். வாடிக்கையாளர் குறைந்த வேளையில் பழைய பட்டம் ஒன்றைக் கொடுத்து, “போய்ப் பழகு” என்பார்கள்.

இதில் எனக்கு ஒரு கசப்பு உண்டு. நான் முதலில் சேர்ந்த இடத்தில் சம்பளம், சாப்பாடு, பாடம் எல்லாம் வாய்ப்பேச்சாகவே இருந்தது. இரண்டு மாதம் முடிந்தபோது பாதிச் சம்பளம்தான் கைக்கு வந்தது. வாரத்துக்கு எத்தனை மணி நேரப் பாடம் என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. பேரேட்டில் கைநாட்டு வைத்து ஏமாந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். வேலைக்குச் சேரும் முதல் நாளே சம்பளத் தேதி, லீவு நாள், பாட நேரம் மூன்றையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் அடுத்த முகாமுக்கு நடங்கள்.

பாடம் எடுப்பவரிடம் கேட்கவேண்டியதும் உண்டு. ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் கொடுப்பாரா? ஒருவருக்கு எத்தனை மாணவர்? தண்ணீரில் சிக்கினால் எடுக்கப் படகு இருக்கிறதா? பட்டத்தை ஒரே இழுப்பில் கழற்றிவிடும் பிடியை முதல் நாளே கரையில் இருபது தடவையாவது இழுத்துப் பழகச் சொல்கிறாரா? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். பட்டத்தின் கயிறு இருபது மீட்டருக்குமேல் நீளம். கழற்றத் தெரியாதவன் கரையில் நிற்பவர்களையும் வெட்டிவிடுவான். அங்குள்ள மீனவர்களின் வலைக்கும் அதே மரியாதை வேண்டும். சுற்றுலா வருவதற்கு முன்பே அந்தக் களப்பு அவர்களுடையது. விடுதி கட்ட நிலம் போன வேதனை இன்னும் அவர்களிடம் இருக்கிறது. வலை கிடக்கும் பக்கம் பட்டம் ஏற்றாதீர்கள்.

தங்கைமாருக்குத் தனியாகச் சொல்கிறேன். கற்பிட்டிக் கரையில் வெளிநாட்டுப் பெண்கள் நிறையப் பேர் கைட் விடுவார்கள், உள்ளூர்ப் பெண்கள் மிகக் குறைவு. ஊரார் பார்ப்பார்கள். முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை வெயிலுக்கும் நல்லது, ஊருக்கும் பொருந்தும்; வெளிநாட்டவர்களும் பலர் அதையே போடுகிறார்கள். தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போங்கள். குடும்பம் நடத்தும் விடுதியில் அல்லது ஊருக்குள் ஒரு வீட்டில் தங்குங்கள். பெண் பயிற்சியாளர் உண்டா என்று முதலில் போன் செய்து கேளுங்கள். “பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இது?” என்று லயத்தில் கேட்பார்கள். கார்மென்ட்டுக்கும் குவைத்துக்கும் அனுப்பும்போது கேட்காத கேள்வியை இதற்கு மட்டும் கேட்பது நியாயமில்லை என்று அண்ணன்மார் எடுத்துச் சொல்லவேண்டும்.

மன்னார் இரண்டாவது பருவத்துக்கு. காற்று கற்பிட்டியைவிடக் குறையாது; அதனால்தான் 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை ஓடவிட்டார்கள். மணல் திட்டும் ஆழமில்லாத நீரும் தலைமன்னார்ப் பக்கம் தாராளம். ஆனால் பாடம் எடுக்கும் இடங்கள் விரல் விட்டு எண்ணலாம், வேலையும் குறைவு, சிக்கினால் உதவிக்கு வரும் ஆட்களும் குறைவு. கைட் விடத் தெரிந்தவருக்கு அது சொர்க்கம், தெரியாதவருக்கு ஆபத்து. நான் அங்கே போனது வேறு காரணத்துக்காகவும்தான். 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து கப்பல் வந்து சேர்ந்த துறை தலைமன்னார். அதற்கும் முன்பு பாய்த்தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் வழியில் செத்தார்கள். 1964 இல் இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் சொந்தக்காரர்களை அங்கே திருப்பி அனுப்பக் கப்பலேற்றியதும் அதே துறையில்தான். என் தாத்தாவின் தம்பி அங்கிருந்துதான் போனார். பழைய இறங்குதுறைக்குப் பக்கத்துத் தண்ணீரில் பலகைமேல் எழுந்து நின்று ஓடிய முதல் பிற்பகலை நான் மறக்கமாட்டேன்.

எதிர்க்கரையில் ராமேஸ்வரம் இருக்கிறது. அங்குள்ள கைட் முகாமொன்றுக்கு ‘காத்தாடி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காற்றும் கிட்டத்தட்ட நம் காற்றுத்தான். தமிழ்நாட்டில் சொந்தம் இருந்து, விசாவும் டிக்கெட்டும் கையில் இருந்தால் போய்ப் பார்க்கலாம். வேலை செய்துகொண்டே படிப்பது சுற்றுலா விசாவில் முடியாது. அறுகம்பே கைட்டுக்கான ஊர் அல்ல. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு அங்கே முதல்தரம். பொத்துவில் தமிழ் பேசும் ஊர். பட்டத்தைக் கண்டால் பயம், அலைமேல்தான் ஆசை என்பவர்கள் கற்பிட்டியை விட்டுவிட்டு நேரே அங்கே போகலாம். வெலிகம, ஹிக்கடுவைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் பருவம். மழை மாதங்களில் அங்கே போய்ப் பயனில்லை.

மூன்று வாரம்தான் லீவு கிடைக்கும் என்றால் கித்துல்கலையோடு நில்லுங்கள். வார இறுதிக்குக் கற்பிட்டி போய் இரண்டு மணி நேரப் பாடத்தோடு திரும்புவது காசைக் கடலில் போடுவதுதான். அடுத்த முறை போகும்போது உடம்பு எல்லாவற்றையும் மறந்திருக்கும். ஆறு வாரமாவது கையில் இருந்தால் கற்பிட்டி.

கிளம்புவது ஏப்ரல் கடைசியில் இருக்கட்டும். முகாம்கள் ஆள் தேடும் நேரம் அது. ஜூனில் போனால் இடம் நிறைந்திருக்கும். இரத்தினபுரிப் பக்கத்தவர்கள் அவிசாவளை வழியாகக் கொழும்பு போய்ப் புத்தளம் பஸ்ஸில் ஏறி, புத்தளத்துக்கு முன்னால் பாலாவியில் இறங்கிக் கற்பிட்டி பஸ் பிடிக்கவேண்டும். கேகாலைப் பக்கத்தவர்களுக்குக் குருநாகல், புத்தளம் வழி கிட்ட. அடையாள அட்டை, நீண்ட கை உடுப்பு இரண்டு, தொப்பி, மணலில் நடக்க ரப்பர் செருப்பு போதும். அங்கே தண்ணீர் உவர். முதல் வாரம் வயிறு கேட்காது, போத்தல் தண்ணீருக்குக் கொஞ்சம் காசு ஒதுக்கி வையுங்கள். போய் இறங்கிய அன்று இரவு வீட்டுக்கு போன் எடுத்து, பின்மேட்டில் வெடிப்பு ஏதும் தெரிகிறதா என்று கேளுங்கள். நான் அந்தப் பருவம் முழுக்கத் தினமும் கேட்டேன்.