பிரிட்ஜில் ஒட்டும் கொரியச் சீட்டு

நம்பிக்கை: அப்பா, அம்மா கொரிய மொழியிலும் உண்டு. வீட்டுச் சாமான்களின் பெயரும் தமிழ் போலத்தான் இருக்கும்.

உண்மை: இருக்காது. கொரியக் குழந்தை 'அப்பா', 'ஒம்மா' என்றுதான் கூப்பிடுகிறது. ஆனால் உறவே இல்லாத எத்தனையோ மொழிகளில் பிள்ளை வாயில் முதலில் வருபவை ப, ம ஒலிகள்தாம். அமெரிக்க மிஷனரி ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரிய, திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணமே எழுதினார். இன்றைய மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்பதில்லை. நாற்காலி 'உய்ஜா', தலையணை 'பெகே', முகம் பார்க்கும் கண்ணாடி 'கொவுல்'. எதில் தமிழ் இருக்கிறது?

நம்பிக்கை: பாதிப் பெயர்கள் இங்கிலீஷ்தானே, தனியாகப் படிக்க வேண்டாம்.

உண்மை: ரிமோட் 'ரிமோகொன்', பிளக் பாயின்ட் 'கொன்சென்ட்டு'. சொல்லித் தராமல் யாருக்கும் பிடிபடாது.

நம்பிக்கை: தமிழ் எழுத்தில் குறித்து வைத்தால் போதும்.

உண்மை: அறையும் 'பாங்', ரொட்டியும் 'பாங்' என்றாகிவிடும். ரொட்டிக்குத் தொண்டையை இறுக்க வேண்டும். அதைக் காட்டத் தமிழில் எழுத்தில்லை. மன்னர் செஜோங் 1446இல் வெளியிட்ட ஹங்குல் என்ற கொரிய எழுத்துமுறையில் இன்று அடிப்படை எழுத்துகள் 24தான். முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: பொருள்மீதெல்லாம் பெயர்ச் சீட்டு ஒட்டினால் மொழி வந்துவிடும்.

உண்மை: வெறும் பெயர் மனத்தில் தங்காது. பிரித்துப் பாருங்கள். பிரிட்ஜ் 'நெங்ஜாங்கோ': நெங் குளிர், ஜாங் சேமிப்பு, கோ கிடங்கு. மூன்றும் சீன வேர்கள். வாஷிங் மெஷின் 'செதாக்கி', ஃபேன் 'சொன்புங்கி', வேக்குவம் கிளீனர் 'சொங்சோகி'. கடைசியில் நிற்கும் 'கி' இயந்திரம். இது ஒன்று பிடிபட்டால் கடைக்குப் போனாலும் பல இயந்திரங்களின் பெயர்களை அடையாளம் காணலாம்.

அடுத்தது வாக்கியம். தமிழருக்கு உண்மையான வசதி இங்கேதான். 'நெங்ஜாங்கோஎ முரி இஸ்ஸொயோ' என்றால் பிரிட்ஜ்ல தண்ணி இருக்கு. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. நம் 'இல்' ஒட்டும் இடத்தில் அவர்களின் 'எ' ஒட்டுகிறது. 'உய்ஜாஎ அன்ஜுசெயோ', நாற்காலியில உட்காருங்க. மரியாதைகூட நம்மைப் போலவே வினையின் வாலில் வருகிறது. இதைச் சொந்தம் என்று கொண்டாட வேண்டாம். அமைப்பில் உள்ள ஒற்றுமை, அவ்வளவுதான். ஆனால் இங்கிலீஷ் வழியாகவே கொரிய மொழி படிக்கிற நம் பிள்ளைகள் இந்த ஒற்றுமையைக் கவனிக்காமலே போவது எனக்கு மிகுந்த வருத்தம்.

பிரிட்ஜ் கதவிலிருக்கும் பெயர்ச் சீட்டை இன்றைக்கே எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீர் வாக்கியத்தை ஹங்குலில் முழுதாக எழுதி ஒட்டுங்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் வாய்விட்டுப் படியுங்கள்.