இணைப்பு அறுந்தால் எங்கே தேடுவது?

மறையூரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அதே வேளையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால் மூணாற்றில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். எங்கள் ஊர் மலையின் மழை மறைவில் அமைந்தது. ஆனால் அங்கே ஒரு மரம் சாய்ந்து கண்ணாடி இழையை அறுத்தால், அவ்வழி வரும் இணைய இணைப்பு இங்கே நின்றுவிடும். வானம் வெளுத்திருக்கிறது, ஆகவே கோளாறு கம்ப்யூட்டரில்தான் என்று முடிவு கட்டுவது அறிவுடைமை ஆகாது. குடியிலிருந்து இறங்கிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்த முதியவரிடம் ‘நெட் இல்லை, நாளைக்கு வாங்க’ என்று சொல்வது எளிது. அவருக்கு நாளை என்பது ஒரு நாட்கூலி. பழுது நம் மேசையிலா, மலைக்கு அப்பாலா என்று பத்து நிமிடத்தில் கண்டறியலாம்.

முதற்கண், ஒரு கருவிக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்று பாருங்கள். கைப்பேசியின் சொந்த டேட்டாவை அணைத்து, அதே வைஃபையில் இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கைப்பேசியில் வந்தால் குற்றவாளி கம்ப்யூட்டரே.

எதிலும் வராவிடில் மோடத்தின் விளக்குகளை நோக்குக. எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். இழைக்குள் ஒளி முழு அக எதிரொளிப்பால் ஓடுகிறது. இழையைச் சுருக்கென்று மடித்தால் கோணம் மாறி ஒளி வெளியே கசிந்துவிடும். அலமாரியை நகர்த்தும்போது சுவரோடு நசுக்கப்பட்ட இழை இப்படித்தான் செயலிழக்கிறது. ஆகவே மடிப்பைத் தளர்த்திப் பாருங்கள். இழையின் நுனியை மட்டும் கண்ணருகே கொண்டு போகாதீர்கள். 1490 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்க வல்லது. மடிப்பு ஏதுமின்றியும் சிவப்பு நீடித்தால் நிறுவனத்துக்குத்தான் சொல்லவேண்டும். ஊசியால் ரீசெட் பொத்தானைக் குத்துவது நம்மவர்க்கு ஒரு வழக்கம்! அது நிறுவனம் பதித்த அமைப்புகளையும் அழித்துவிடக்கூடும்.

விளக்குகள் ஒழுங்காயிருப்பின், விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையை ஆங்கில எழுத்தில் இடுக. முகவரி 169.254 என்று தொடங்கினால், ரௌட்டர் முகவரி தராததால் கம்ப்யூட்டர் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று கொள்க. கேபிளையும் வைஃபை கடவுச்சொல்லையும் சரிபார்த்து, ரௌட்டரை ஒருமுறை அணைத்து ஏற்றினால் பெரும்பாலும் தீரும்.

முகவரி சரியாயிருந்தால் ‘பிங்’ துணைபுரியும். 1983இல் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் எழுதிய சிறு நிரல் இது. நீர்மூழ்கியைத் தேடும் சோனாரின் ஒலியே இதன் பெயர். முதலில் ஐபிகான்ஃபிக் காட்டிய கேட்வே எண்ணுக்கு அனுப்புக, பின்னர் 8.8.8.8 என்ற எண்ணுக்கு. முன்னது பதில் தந்து பின்னது தராவிடில் பழுது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. இரண்டும் பதில் தந்தும் தளம் திறக்கவில்லையென்றால், பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். மீது ஐயம் கொள்ளலாம். அமைப்பில் அவ்விடத்தில் 8.8.8.8 என்றே எழுதிப் பாருங்கள்.

எல்லாம் சரியாயிருந்தும் அரசுத் தளம் மட்டும் ‘பாதுகாப்பற்றது’ என்று மறுத்தால், திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பழைய மேசைக் கம்ப்யூட்டரில் உள்ளிருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். தளத்தின் பாதுகாப்புச் சான்று இன்னும் பிறக்காத காலத்தில் கம்ப்யூட்டர் நிற்கிறது, எப்படி நம்பும்? தேதியைத் திருத்துங்கள், பக்கம் திறக்கும். பேட்டரியை அன்றே மாற்றிவிடுங்கள். இல்லையேல் அடுத்த மின்வெட்டுக்குப் பின் மீண்டும் அதே தொல்லைதான்.