ஆங்கிலம் தடுமாறினாலும் நூலகம் நமக்குத்தான்



தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு. இடைநிலைப்பள்ளியில் மலாய். பல்கலைக்கழகத்தில் கால் வைத்ததும் எல்லாமே ஆங்கிலம். நம்மில் பலர் வந்த பாதை இது. நானும் இப்படி வந்தவன்தான். விரிவுரையாளர் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொன்னதும், "லைப்ரரியில இருக்கறதெல்லாம் பெரிய இங்கிலீஷ், நமக்கு எங்க புரியப் போகுது" என்று கூகலில் முதலில் வருவதை எடுத்து ஒட்டிவிடுகிறோம். இது சோம்பல் இல்லை, கூச்சம்.

இந்தக் கூச்சத்தால் போவது மதிப்பெண் மட்டுமல்ல. நம் தோட்டங்களையும் கோயில்களையும் பற்றி நாம் எழுதாவிட்டால், அவற்றை வெளியிலிருந்து பார்த்தவர்கள் எழுதியது மட்டுமே மிஞ்சும். ஆகவே நான் பின்பற்றும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. கேள்வியைத் தமிழில் எழுதுங்கள்

"தோட்டக் கோயில்கள்" என்பது தலைப்புதான், கேள்வி இல்லை. "தோட்டம் மூடப்பட்ட பிறகு அங்கிருந்த கோயிலை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்பது கேள்வி. எதைத் தேடுகிறோம் என்பது நமக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் முதலில் தெளிவாகட்டும்.

2. மும்மொழிச் சொல்பட்டியல் போடுங்கள்

ஒரு தாளை மூன்றாக மடியுங்கள். தமிழில் தோட்டம், கோயில். மலாயில் லாடாங், கூயில். ஆங்கிலத்தில் எஸ்டேட், பிளான்டேஷன், டெம்பிள், ஷ்ரைன். உள்ளூர்ப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் பல மலாய் மொழியில் இருக்கின்றன. அவற்றை எளிதாகப் படிக்க நம்மால் முடியும்.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். தைப்பூசத்தை ஆங்கிலத்தில் 'எச்' சேர்த்தும் எழுதியிருப்பார்கள், சேர்க்காமலும் எழுதியிருப்பார்கள். கங்காணி என்ற சொல் பழைய ஆவணங்களில் 'ஒய்' எழுத்திலும் பிற்கால நூல்களில் 'ஐ' எழுத்திலும் முடியும். இரண்டையும் தேடினால்தான் முழுமையாகக் கிடைக்கும்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளைப் பின்பற்றும் நூலகப் பட்டியல்களில், வெளிநாடுகளில் வாழும் இந்தியர்கள் 'ஈஸ்ட் இந்தியன்ஸ்' என்ற தலைப்பில் இருப்பார்கள். இது தெரியாவிட்டால் பல நூல்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

3. தேடும் கட்டத்தில் சொற்களை இணையுங்கள்

முழு வாக்கியத்தைத் தட்டாதீர்கள். இரண்டு சொல்லும் வேண்டுமென்றால் நடுவில் 'அண்ட்' போடுங்கள். இரண்டில் ஒன்று போதுமென்றால் 'ஆர்' போடுங்கள். சொற்றொடர் அப்படியே வரவேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். இதற்கு இலக்கணம் தேவையில்லை, நல்ல சொற்கள் போதும். ஆங்கிலம் தடுமாறுகிறவருக்கு நூலகத்தில் இதைவிட எளிதான இடம் கிடையாது.

4. ஒரு நல்ல நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள்

மலாயா இந்தியர் குடியேற்றம் பற்றி கெர்னியால் சிங் சந்து எழுதிய நூல் 1969-இல் வந்தது. மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் பற்றிய சின்னப்பா அரசரத்தினத்தின் நூல் 1970-இல் வந்தது. இப்படி ஒன்று கைக்குக் கிடைத்தால், கடைசிப் பக்கங்களில் உள்ள நூற்பட்டியலைப் பாருங்கள். அது பின்னோக்கி வழிகாட்டும். அதே நூலை கூகல் ஸ்காலரில் தேடி, 'சைட்டட் பை' என்பதைத் தட்டினால் அதற்குப் பிறகு எழுதியவர்களைக் காணலாம்.

ஒரு கட்டுரைக்கு இணையத்தில் பணம் கேட்டால் உடனே கட்டாதீர்கள். நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கலாம். மாணவர் கணக்கில் நுழைந்து பாருங்கள். இல்லையென்றால், வேறு நூலகத்திலிருந்து இரவல் வாங்கித் தர முடியுமா என்று கேளுங்கள்.

5. முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிக்காதீர்கள்

முதலில் ஆய்வுச் சுருக்கம், அடுத்து முன்னுரை, உடனே முடிவுரை. இந்த மூன்றும் உங்கள் கேள்வியைத் தொடவில்லையென்றால் கட்டுரையை மூடிவிடலாம். தொட்டால் மட்டும் நடுவில் உள்ளதைப் படியுங்கள்.

தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைப் புரட்டினால் அலுத்துவிடும். மீண்டும் மீண்டும் வரும் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆவெரில் காக்ஸ்ஹெட் என்பவர் கல்வித்துறை ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்து 2000-இல் வெளியிட்டார். நாளுக்கு ஐந்து படித்தால் நான்கு மாதத்துக்குள் முடித்துவிடலாம்.

6. குறிப்பைத் தமிழில் எடுங்கள்

ஒரு பத்தியைப் படித்ததும் நூலை மூடிவிட்டு, புரிந்ததைத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். எழுத வரவில்லையா? இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் படியுங்கள். நூலாசிரியர் பெயரையும் பக்க எண்ணையும் அப்போதே குறித்துவிடுங்கள். பிறகு அந்தத் தமிழ்க் குறிப்பைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதினால், வருவது உங்கள் சொந்த வாக்கியமாக இருக்கும். டர்னிடினுக்குப் பயந்து சொற்களை மாற்றி மாற்றிப் போடும் வேலை இருக்காது.

7. நூலகரிடம் கேளுங்கள்

உங்கள் கேள்வி, இதுவரை தேடிய சொற்கள், ஒப்படைக்க வேண்டிய நாள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நம் நாட்டில் மலாயிலேயே கேட்கலாம், அதில் ஒரு குறைவும் இல்லை. தேட உதவுவது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. நாம் கேட்டால் தொந்தரவு என்று நினைக்க வேண்டியதில்லை.

நம் கையில் உள்ள பலம்

ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஆய்வாளருக்குக் கோயில் கல்வெட்டு, திருவிழா அழைப்பிதழ், பழைய தமிழ் நாளிதழ் எதையும் படிக்கத் தெரியாது. நமக்குத் தெரியும். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' தளத்தில், 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை இலவசமாகத் தேடலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1950-களிலிருந்தே இயங்கி வருகிறது. தமிழ்ச் சான்றை ஆங்கில நூலோடு வைத்துப் பேசும் கட்டுரையை விரிவுரையாளர் நிச்சயம் கவனிப்பார்.

இந்த வாரப் பயிற்சி

உங்கள் ஊர்க் கோயிலைப் பற்றித் தமிழில் ஒரு கேள்வி எழுதுங்கள். மும்மொழிச் சொல்பட்டியல் போடுங்கள். நூலகத்தில் ஒரு நூல், ஒரு கட்டுரை, ஒரு பழைய செய்தி தேடி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தமிழில் மூன்று வரி எழுதி, அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சரஸ்வதி பூசையன்று புத்தகத்தை அடுக்கிக் கும்பிடுகிறோம். மற்ற நாள்களில் அதைத் திறந்து பார்ப்பதும் வழிபாடுதான்.