அறுவடைக்குப் பின் தொடரும் உழைப்பு

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் அமைந்துள்ளது கேமரன் மலை. ஈப்போவுக்கு அருகிலுள்ள சிம்பாங் பூலாயிலிருந்து மலைச்சாலையில் ஏறி வருவோரை முதலில் வரவேற்கும் சிற்றூர்களுள் ஒன்று கம்போங் ராஜா. சரிவெங்கும் தேயிலைச் செடிகளும் காய்கறித் தோட்டங்களும் நிறைந்த ஊர் இது. இங்குள்ள தொழிலாளர் குடியிருப்புகளில் வீட்டின் பின்புறம் ஒரு சிறு துண்டு நிலம் இருந்தாலும் போதும். அதில் முட்டைக்கோசு, தக்காளி, உருளைக்கிழங்கு, கொத்தமல்லி ஆகியவற்றைப் பயிரிடுவார்கள். வேலியில் சௌசௌ கொடி படர்ந்திருக்கும்.

அத்தகைய வீடு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். பாட்டி தம் தோட்டத்தில் விளைந்தவற்றை ஒரே நாளில் அறுவடை செய்கிறார். மழை பெய்யத் தொடங்கியதால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் அள்ளிப் போட்டுச் சமையலறைச் சன்னல் ஓரம் வைக்கிறார். ஒரு வாரம் கழிகிறது. கொத்தமல்லி அழுகிப்போயிருந்தது. முட்டைக்கோசின் இலைகள் மஞ்சளாகியிருந்தன. வெளிச்சம் பட்ட உருளைக்கிழங்கின் தோலில் பச்சை நிறம் ஏறியிருந்தது.

"மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். ஒரே வாரத்தில் பாழாகிவிட்டதே!" என்று பாட்டி மனம் வருந்தினார்.

கொழுந்து பறிக்கும் வேலை முடிந்து வந்த அம்மா கூடையைப் பார்த்தார். "பறித்த கொழுந்தைக் கோணியில் அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். அதனால்தான் அன்றைக்கே ஆலைக்கு அனுப்புகிறோம். காய்கறிக்கு மட்டும் வேறு நியாயமா, அத்தை?" என்றார். படிவம் மூன்றில் பயிலும் மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொழுந்துக்கும் கோசுக்கும் என்ன தொடர்பு என்பதே அவளது கேள்வியாயிற்று.

அம்மா கூறியது அறிவியல் உண்மை. செடியிலிருந்து பறித்த பின்னும் இலையும் காயும் கனியும் உயிருடன்தான் இருக்கின்றன. அவை தொடர்ந்து சுவாசிக்கின்றன. தம்மிடம் உள்ள சர்க்கரையைச் செலவழித்து வெப்பத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் இந்தச் சுவாசம் ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று மடங்காகிறது. சுவாசம் விரைவானால் முதுமையும் விரைவாக வந்துவிடும். ஆகவேதான் வெயில் ஏறும் முன்பே, காலையில் அறுவடை செய்து நிழலில் வைப்பது நல்லது.

இரண்டாவது காரணம் நீரிழப்பு. முட்டைக்கோசு, தக்காளி போன்றவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நீரே உள்ளது. வேரிலிருந்து பிரிந்த பிறகு இழந்த நீரை ஈடுகட்ட வழியில்லை. கேரட்டை இலைக்கொத்துடன் வைத்தால், இலைகள் கிழங்கின் நீரை உறிஞ்சி வெளியேற்றிவிடும், கேரட் துவண்டுவிடும். எனவே, இலையை நறுக்கிவிட்டே கிழங்கை வைக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு. அதன் பெயர் எத்திலீன். 1901ஆம் ஆண்டில் டிமிட்ரி நெல்யுபோவ் என்னும் ரஷ்ய ஆய்வாளர், விளக்குக்குப் பயன்படும் வாயுவில் கலந்திருந்த எத்திலீன் செடிகளின் வளர்ச்சியை மாற்றுவதைக் கண்டறிந்தார். 1934இல் ரிச்சர்ட் கேன் என்பவர், பழுக்கும் பழங்களே இந்த வாயுவை உண்டாக்குகின்றன என்று நிறுவினார். தக்காளி, வாழை, ஆப்பிள், பாஷன் பழம் ஆகியவை எத்திலீனை வெளியிடுகின்றன. அருகில் கீரையோ முட்டைக்கோசோ இருந்தால் அவற்றின் பச்சை நிறம் விரைவில் மறையும். கேரட்டில் கசப்பும் ஏறும். பாட்டியின் கூடையில் கோசுக்கு மேலே தக்காளி இருந்ததே தவறு.

அப்படியானால் எல்லாவற்றையும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால் போதுமா? போதாது. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் வேறு. முட்டைக்கோசு, கேரட், கீரை ஆகியவை குளிரையும் ஈரத்தையும் விரும்புவன. அவற்றைப் பெட்டியின் காய்கறி அறையில் வைக்கலாம். கோசின் வெளி இலைகளை உடனே உரித்துவிடக் கூடாது. அவையே உள்ளிலைகளுக்குப் போர்வை. தக்காளியோ மிகுந்த குளிரைத் தாங்காது. பழுக்காத தக்காளியைப் பெட்டியில் வைத்தால் நிறமும் மணமும் சரியாக வருவதில்லை. கேமரன் மலையின் குளிர்ந்த அறையே அதற்குப் போதுமானது.

உருளைக்கிழங்குக்கு இருட்டும் காற்றோட்டமும் தேவை. வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும். அந்தப் பச்சை, சோலனின் என்னும் நச்சுப்பொருளும் உள்ளே பெருகியிருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கை. வேகவைத்தாலும் அந்நச்சு முழுமையாக நீங்காது. ஆகையால், நன்கு பச்சையேறிய கிழங்கை உண்ணாமல் விலக்குவதே பாதுகாப்பு. வெங்காயத்தை உலர்ந்த இடத்தில், உருளைக்கிழங்கிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

கொத்தமல்லி, புதினா ஆகியவற்றின் காம்பு நுனியை நறுக்கி, சிறிதளவு நீருள்ள குவளையில் பூங்கொத்தைப்போல நிறுத்தலாம். மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்துப் பெட்டியில் வைத்தால் பல நாள்கள் வாடாது. ஸ்ட்ராபெரிப் பழத்தை உண்ணும் நேரத்தில்தான் கழுவ வேண்டும். முன்னரே கழுவினால் ஈரத்தில் சாம்பல்நிறப் பூஞ்சை பிடித்துவிடும். ஒரு பழத்தில் பூஞ்சை தோன்றினாலும் அதனை உடனே அகற்ற வேண்டும்.

நெடுநாள் சேமிக்க விரும்புவோர் உறையவைக்கலாம். பீன்சைக் கொதிநீரில் ஏறத்தாழ மூன்று நிமிடம் போட்டெடுத்து, உடனே பனிக்கட்டி நீரில் ஆற வைத்து, நீரை வடித்துவிட்டு, –18 பாகை செல்சியசில் உறையவைப்பார்கள். கொதிநீர், காயைக் கெடுக்கும் நொதிகளின் செயலை நிறுத்திவிடும்.

ஊரறிந்து முறையைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். நைஜீரியா நாட்டு ஆசிரியர் முகமது பா அப்பா 1990களில் ஓர் எளிய குளிர்கலனை உருவாக்கினார். பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடைவெளியில் ஈரமணலை நிரப்பினார். நீர் ஆவியாகும்போது உட்பானை குளிர்ந்தது. மூன்று நாளில் கெட்டுவிடும் கத்தரிக்காய் அதில் 27 நாள்கள் வரை நன்றாக இருந்தது. இப்பணிக்காக அவர் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். ஆனால், அங்குள்ள வறண்ட காற்றில் சிறப்பாகச் செயல்படும் பானை, பனிமூட்டம் சூழ்ந்த கம்போங் ராஜாவில் அதே பயனைத் தராது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் நீர் எளிதில் ஆவியாகாது. அதே காரணத்தால்தான் சமவெளியில் முற்றத்தில் காயும் மோர் மிளகாயும் பாகற்காய் வற்றலும் இங்கே காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடுகின்றன.

உப்பும் புளிப்பும் சேர்த்து ஊறுகாய் போடுவது எவ்வூருக்கும் ஏற்றது. அமிலக் குறியீடு 4.6க்கும் கீழே இருந்தால் பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் நுண்ணுயிர் பெருக முடியாது. புளிப்பில்லாத பூண்டையோ பச்சை மூலிகையையோ வெறும் எண்ணெயில் மூழ்கவைத்து அறையில் வைப்பது ஆபத்தானது. காற்றுப் புகாத எண்ணெயே அந்த நுண்ணுயிருக்கு ஏற்ற இடமாகிவிடும். அதன் நஞ்சுக்கு நிறமும் மணமும் இல்லாமலும் இருக்கலாம். அத்தகையவற்றைப் பெட்டியில் வைத்துச் சில நாள்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

உலகில் மனிதருக்காக விளைவிக்கப்படும் உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 130 கோடி டன், வீணாகிறது என்று ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2011இல் மதிப்பிட்டது. கடைகளிலும் வீடுகளிலும் ஒருவருக்கு இவ்வளவென வீணாகும் உணவை 2030ஆம் ஆண்டுக்குள் பாதியாகக் குறைப்பது ஐக்கிய நாடுகளின் நிலைத்தன்மை மேம்பாட்டு இலக்குகளுள் ஒன்று. அந்த இலக்கை அடையும் வேலை வீட்டுச் சமையலறையிலும் நடைபெற வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவால் மலைச்சாலை மூடப்பட்டால், முறையாகச் சேமித்த காய்கறியே சில நாள்களுக்கு வீட்டாரின் பசியாற்றும்.

அடுத்த அறுவடைக்குப் பாட்டி ஒரு கூடைக்குப் பதிலாக நான்கு கூடைகளை எடுத்து வைத்தார். பேத்தி ஒவ்வொன்றிலும் அட்டை ஒட்டி, 'இருட்டு', 'குளிர்', 'அறை', 'இன்றே சமைக்க' என எழுதினாள். நான்கு கூடையிலும் அடங்காமல் சௌசௌ மிஞ்சியது. பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "இதற்கு அட்டை வேண்டாம், கண்ணு. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வா" என்றார்.