அம்மாச்சியின் செபமொழி

மாந்தர் மாய்வர், அவர் வழங்கிய சொற்கள் மாயா என்று நாம் எளிதிற் கூறிவிடுகிறோம். அஃது எக்காலத்தும் உண்மையன்று. சில சொற்கள், அவற்றை வழங்கிய முதியோருடன் தாமும் ஒருங்கே மண்ணுட் செல்கின்றன. ஏட்டில் அவை இருத்தல் கூடும், நாவில் இருப்பதில்லை. சென்ற ஐப்பசித் திங்களில் எம் தாயைப் பெற்ற அம்மாச்சியார் உயிர் நீத்தபோது இதனை யாம் உணர்ந்தோம். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் யாம், அவர் இறுதியாக மொழிந்த சொல் ஒன்றன் பொருளை உரிய நேரத்தில் அறியாது போயினோம். அப்பிழையே இக்கட்டுரைக்குக் காரணம்.

அருப்புக்கோட்டையினின்று திருச்சுழி வழியாகத் தெற்கே செல்வார்க்கு அந்நிலத்தின் இயல்பு விளங்கும். அது வானம் பார்த்த பூமி. குண்டாறு ஆண்டிற் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். கம்மாய்கள் மழையை நோக்கி வாய் திறந்திருக்கும். கரிசற் காட்டிற் சோளமும் கம்பும் பருத்தியும் விளைந்தது போக, எஞ்சிய இடமெல்லாம் சீமைக் கருவேல் அடர்ந்து நிற்கும். அந்நாட்டுச் சிற்றூர் ஒன்றில், முற்றத்தில் வேம்பு நிற்கும் ஓட்டு வீட்டில் எம் அம்மாச்சியார் வாழ்ந்தார். மூன்றாம் வகுப்பிற்கு மேற் படித்தவரல்லர். ஆயினும் காலை, நண்பகல், மாலை என மூவேளைச் செபமும், இரவிற் செபமாலையும், நீண்ட பிரார்த்தனைகள் பலவும் அவருக்கு மனப்பாடம். மழை பொய்த்த ஆண்டிலும் அவர் செபம் பொய்த்ததில்லை.

எம் தந்தையார் வழியினர் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தோர். தாயார் கத்தோலிக்கக் குடியிற் பிறந்தவர். யாம் தந்தையாரின் ஆலயத்திலேயே வளர்ந்தோம். ஆகவே கோடை விடுமுறைதோறும் அம்மாச்சியாரின் செபமொழி எமக்கு விந்தையாக இருக்கும். அவர் ‘சேசு’ என்பார், ‘இஸ்பிரீத்துசாந்து’ என்பார், ‘சர்வேசுரன்’ என்பார். எமக்கு எட்டு வயது நிகழ்ந்த காலத்தில் ஒரு நாள், “சேசு இல்லை அம்மாச்சி, இயேசு என்று சொல்லுங்கள்” என்று திருத்த முற்பட்டோம். அவர் சினந்தாரல்லர். “எல்லாம் அவரு பேருதான்யா. எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாப்பாரு” என்று கூறி நகைத்தார். கல்லூரியிற் சேர்ந்து, வடசொற் கலவாத தமிழின் இனிமையை அறிந்தபின், அவர் சொற்களிடத்து எமக்கிருந்த ஏளனம் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. கல்லாதார் வாயிற் சிதைந்த சொற்கள் என்றே யாம் எண்ணியிருந்தோம்.

இனி, நிகழ்ந்ததைக் கூறுவோம். அம்மாச்சியார் நோயுற்றுக் கிடந்த நாட்களில் ஒரு மாலை, தாயார் மருந்து வாங்க அருப்புக்கோட்டை சென்றிருந்தார். யாம் தனியே உடனிருந்தோம். மூச்சுத் தளர்ந்த நிலையில் அவர் எம் கையைப் பற்றி, “அவஸ்தை... அவஸ்தை...” என்றார். உடல் வருந்துகிறது என்கிறார் போலும் எனக் கருதினோம். தலையணையை உயர்த்தினோம், விசிறினோம், காலைப் பிடித்துவிட்டோம், “எங்கே வலிக்கிறது?” என்று வினவினோம். அவர் தலையை அசைத்து, சுவரிலிருந்த மாதா படத்தைச் சுட்டினார். அதனை எடுத்து அவர் மார்பின்மேல் வைத்தோம். மீண்டும் அதே சொல்லைக் கூறினார். இவ்வாறே ஒரு மணி நேரத்திற்கு மேற் கழிந்தது.

அயல்வீட்டு முதியவள் ஒருத்தி உள்ளே வந்தாள். அச்சொல் காதில் விழுந்த அளவில், “ஏய்யா, சாமியாரைக் கூப்பிடச் சொல்லுதா; உனக்கு விளங்கலையா?” என்று கூவிக்கொண்டு உபதேசியார் வீட்டிற்கு ஓடினாள். அவர் கைப்பேசியில் அழைத்தபோது குருவானவர் தொலைவிலுள்ள மற்றோர் ஊரிற் பூசைக்குச் சென்றிருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது இரவாகிவிட்டது. அம்மாச்சியாருக்கு அப்போது நினைவில்லை. குருவானவர் திருத்தைலம் பூசிச் செபித்தார். விடியுமுன் உயிர் பிரிந்தது. இறுதியாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய அவர் விரும்பியிருந்தார். அதற்கு நா எழவில்லை. “விரும்பினாரே, அதுவே போதும்” என்று குருவானவர் எம்மைத் தேற்றினார். ஆயினும் வீணே கழிந்த அந்த ஒரு மணி நேரம் எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

அடக்கம் முடிந்து கல்லூரிக்குத் திரும்பியபின், முதற்கண் அச்சொல்லையே ஆராய்ந்தோம். ‘அவஸ்தை’ என்பது வடமொழியில் ‘நிலை’ எனப் பொருள்படும். நனவு, கனவு, உறக்கம் முதலாய உயிரின் நிலைகளைச் சைவ நூல்கள் ‘அவத்தை’ என்றே வழங்கும். உலக வழக்கில் இச்சொல் துன்ப நிலையைக் குறிப்பதாயிற்று. உயிர் பிரியும் தறுவாயையும் குறித்தது. இப்பிற்பொருளைக் கொண்டே கத்தோலிக்கர், சாகுந்தறுவாயில் உள்ளார்க்குக் குரு எண்ணெய் பூசும் சடங்கினை ‘அவஸ்தைபூசுதல்’ என்றனர். யாம் அறிந்தது ஒரு பொருள். அம்மாச்சியார் கருதியது மற்றொன்று. ஒரே சொல்லின் இரு பொருளுக்கு நடுவே அம்மாலை வீணாயிற்று.

இவ்வொரு சொல்லுக்கே இத்துணை வரலாறு உண்டெனின், ஏனைய சொற்களுக்கும் இருத்தல் வேண்டுமன்றோ? அவற்றை ஆராய்ந்தபோது அவை மூன்று அடுக்காக அமைந்திருத்தலைக் கண்டோம்.

முதலடுக்கு கடற்கரையினின்று வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் போர்த்துக்கேயக் குருமார் மறை பரப்பினர். பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் அங்கு வந்தார். அவர்க்குப் பின் அங்குத் தொண்டாற்றிய அன்றிக்கே அடிகளார் தமிழைக் கற்று, 1578-இற் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலை அச்சிடுவித்தார். இந்திய மொழி எழுத்தால் இந்தியாவில் அச்சேறிய முதல் நூல் இதுவே. இறைவனுக்குத் ‘தம்பிரான்’ என்னும் நல்ல தமிழ்ப் பெயரை இட்ட அவரே, பல இடங்களில் போர்த்துக்கேயச் சொற்களை அவ்வாறே வைத்துக்கொண்டார். பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி அவர் 1580-இல் வெளியிட்ட நூலின் பெயரும் போர்த்துக்கேயமே. தமிழிற் பெயரில்லாத புதுப் பொருளுக்குப் பிழையான பெயரை இடுவதினும், வந்த பெயரையே வைத்தல் நன்று என அக்காலத்தார் கருதினர் போலும். ‘சேசு’, ‘குருசு’, ‘இஸ்பிரீத்துசாந்து’ என எம் அம்மாச்சியார் வாயிற் கேட்டனவெல்லாம் அக்கடற்கரையின் சொற்களே. அலை கேளாத கரிசற் காட்டில் அவர் அக்கடலின் சொற்களை நாடோறும் மொழிந்துகொண்டிருந்தார். மேசை, அலமாரி, சாவி, சன்னல் ஆகியனவும் அதே மொழியினின்று வந்தனவே. அவற்றைச் சொல்லுங்கால் நாம் நகைப்பதில்லை. ‘குருசு’ என்றால் மட்டும் நகைக்கிறோம். யாம் திருத்தமானதெனக் கருதிய ‘சிலுவை’யும் சுரியானி மொழியினின்று வந்ததே என்றறிந்தபோது எம் ஏளனம் நாணமாயிற்று.

இரண்டாம் அடுக்கு மதுரையிற் பிறந்தது. இத்தாலி நாட்டினராகிய இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரை வந்தார். தத்துவபோதகர் எனப் பெயர் பூண்டார். தமிழும் வடமொழியும் பயின்றார். மறை அயலார்க்குரியது என்னும் எண்ணம் நீங்க வேண்டுமாயின், அதன் சொற்கள் இந்நாட்டாரின் சொற்களாதல் வேண்டும் என்பது அவர் கருத்து. எல்லாவற்றிற்கும் தலைவன் எனப் பொருள்படும் ‘சர்வேசுரன்’ என்னும் பெயரை இறைவனுக்கு அவர் வழங்கினார். கோவில், பூசை, குரு, வேதம், மந்திரம், ஞானஸ்நானம் என்பனவெல்லாம் கிறித்தவ வழக்கில் நிலைபெற்றது அந்நெறியாலேயே. அந்நெறியில் வந்த அருளானந்தர், 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் உயிர் ஈந்தார். 1947-இற் புனிதராக உயர்த்தப்பெற்றார். அம்மாச்சியார் ஓரியூர் சென்று கொணர்ந்த செம்மண் சிறு முடிப்பாக அவர் பெட்டியில் இருந்தது.

இந்நெறியின் பயனை யாம் இளமையில் நேரே கண்டிருந்தும் உணராதிருந்தோம். சுந்தரர் தேவாரம் பெற்றதும், 1879-இல் இரமண மகரிஷி பிறந்ததும் ஆகிய ஊர் திருச்சுழி. திருமேனிநாதர் கோயிலுக்குச் செல்லும் அயலூர்ப் பெண்கள் பேருந்தில் அம்மாச்சியாரைக் கண்டு, “எங்கே?” என வினவுவர். “கோயிலுக்கு, பூசைக்கு” என்பார் இவர். “நாங்களும் பூசைக்குத்தான்” என்பர் அவர்கள். சாம்பல் இடப்பெறும் புதன்கிழமையை அம்மாச்சியார் ‘விபூதிப் புதன்’ என்பார். அச்சொல்லும் அவர்களுக்கு விளக்கம் வேண்டாத சொல்லே. கோயில் வேறு, பூசை வேறு, சொல் ஒன்று. நானூறு ஆண்டுகளுக்கு முன் மதுரையில் ஒரு துறவி எண்ணிச் செய்தது, திருச்சுழிப் பேருந்தில் இரு முதிய பெண்களின் நட்பாகப் பயன் தந்துகொண்டிருந்தது.

மூன்றாம் அடுக்கு நாட்டார் நாவிலேயே வழங்கும் எளிய தமிழ். குருத்தோலை ஏந்தும் நாள் ‘குருத்து ஞாயிறு’. ஆண்டவர் பாடுபட்ட நாள் ‘பெரிய வெள்ளி’. திவ்விய நற்கருணை உட்கொள்ளுதலை அம்மாச்சியார் ‘நன்மை வாங்குதல்’ என்பார். சிறார் முதன்முறை உட்கொள்வது ‘புதுநன்மை’. உலகிலுள்ள நன்மையெல்லாம் ஓரப்பத்தில் அடங்கியது என்னும் பெருங்கருத்தை இம்மூன்றெழுத்துச் சொல் எத்துணை எளிமையாகச் சொல்லிவிடுகிறது! எந்தப் புலவர் இதனை ஆக்கினார் என்று யாம் அறியோம். தமிழின் இனிமையைத் தேடி நூலகத்தில் உழன்ற யாம், அதனை வீட்டு முற்றத்திலேயே தவறவிட்டிருந்தோம்.

இச்சொற்கள் மறைந்து வருதற்குக் காரணமும் உண்டு. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம், வழிபாடு மக்களின் மொழியில் நடத்தற்கு வழிவகுத்தது. அதுவரை பூசை இலத்தீன் மொழியில் நிகழ்ந்தது. அம்மாச்சியார் தம் இளமையில், விளங்காத அம்மொழியைக் கேட்டவாறே தமிழிற் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர். தமிழ் வழிபாடு வந்தபின் சொற்களும் புத்துருப் பெற்றன. பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, அர்ச்சியசிஷ்டவர் புனிதராயினர், தபசு காலம் தவக்காலமாயிற்று, சேசுநாதர் இயேசுவாயினார். அவஸ்தைபூசுதல் ‘நோயில்பூசுதல்’ எனப் பெயர் பெற்றது. 1995-இற் பொது மொழிபெயர்ப்பாக வெளிவந்த திருவிவிலியம் புதுநடைக்கு மேலும் வலிமை தந்தது.

இம்மாற்றத்தை யாம் குறைகூற வரவில்லை. திருப்பலி, திருமுழுக்கு என்பன அழகிய தமிழ்ச் சொற்கள். ‘நோயில்பூசுதல்’ என்னும் பெயர் கருத்தாலும் சிறந்தது. அச்சடங்கு சாவார்க்கு மட்டுமன்று, கடும் பிணியுற்றார் அனைவர்க்கும் உரியது என்பதை அது தெளிவிக்கிறது. எம் அம்மாச்சியார் அப்புதுச் சொல்லைக் கூறியிருப்பின் யாமும் விளங்கிக்கொண்டிருப்போம். ஆயின், உயிர் பிரியும் வேளையில் ஒருவர் நாவில் எழுவது நாற்பது வயதிற் கற்ற சொல்லன்று. தாய் மடியிற் கற்ற சொல்லே. முதியோர் புதுச் சொல்லைக் கற்றல் வேண்டும் என்பதினும், இளையோர் பழஞ் சொல்லை மறவாதிருத்தல் வேண்டும் என்பதே நியாயம். புதிய சொல்லை வழங்குவோம்; பழைய சொல்லை அறிந்திருப்போம். இரண்டும் ஒன்றற்கொன்று பகையல்ல.

கல்லாதார் எனப்படும் முதியோர் பலர் தம் நாவில் ஓர் ஏட்டைச் சுமந்து வாழ்கின்றனர். அவ்வேட்டிற்குப் படியில்லை, அவர் சென்றால் அதுவும் செல்லும். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஓலைச்சுவடிகளைத் தேடியதை வகுப்பிற் படித்து வியக்கிறோம். நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஏட்டைப் பிரித்துப் பார்க்க நமக்குப் பொழுதில்லை. பிரித்துப் பாராததோடு நில்லாமல், அதிற் பிழை திருத்தவும் துணிந்தோம் யாம்.

நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று மீண்டும் அவ்வூர் சென்றோம். முதல் நாள் பெய்த மழையாற் கரிசல் காலிற் பற்றியது. புதுக் கல்லறைமேல் மெழுகுதிரி ஏற்றி, தாயாரும் உறவினரும் செபமாலை தொடங்கினர். அயல்வீட்டு முதியவள் எம் அருகே நின்று பழைய சொற்களிலேயே முணுமுணுத்தாள். இம்முறை யாம் அவளைத் திருத்தவில்லை. அவள் சொல்லியவாறே பின்சொன்னோம். செபம் முடிந்தபின் அவளிடம், “உத்தரிக்கிற ஸ்தலம் என்பதன் பொருள் என்ன, ஆச்சி?” என்று கேட்டோம். “கடனைத் தீத்துட்டுக் கரையேறுற இடம்யா” என்றாள். அச்சொல்லை அன்று எம் குறிப்பேட்டில் முதலாவதாக எழுதினோம். விடுமுறைதோறும் சென்று மேலும் எழுதி வருகிறோம்.

தோழர்களே, இவ்விடுமுறையில் நீவிரும் ஊர் செல்வீர்கள். அங்கு உங்கள் பாட்டியார் ஒரு சொல்லை நீங்கள் அறியாத பொருளில் வழங்கக் கேட்பீர்களாயின், நகையாதிருங்கள், திருத்தாதிருங்கள். அருகில் அமர்ந்து, “அதற்கு என்ன பொருள்?” என்று கேளுங்கள். யாம் கேளாது விட்டோம்.