ஸ்விஃப்ட்டுக்குப் பதினைந்தா, பதினாறா, பதினேழா?

ஸ்விஃப்ட்டில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ எடுத்தவர்கள் பலருக்கும் 14 இன்ச் ரிம்மைக் கழற்றிவிட்டுப் பெரிய அலாய் போடும் ஆசை வரும். டயர் கடையில் கேட்டால் “எல்லாம் உட்காரும் சார்” என்பார்கள். உட்காரும்தான். ஓடும்போது உரசுமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதலில் டயரின் மொத்த உயரம். கம்பெனி தரும் 165/80 ஆர்14-இல் அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், அதாவது 132. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவே ரிம் 355.6; கூட்டினால் ஏறக்குறைய 620. இதே கணக்கில் இசட்எக்ஸ்ஐயில் வரும் 185/65 ஆர்15-க்கு 621.5, 195/55 ஆர்16-க்கு 621, 205/45 ஆர்17-க்கு 616. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே உயரம். கடையில் இருக்கிறதே என்று 205/55 ஆர்16-ஐ மாட்டினால் 632 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் கணக்கு 2 சதவீதம் பிசகும், வீல் ஆர்ச்சில் 6 மி.மீ. இடம் போய்விடும்.

உயரம் ஒத்துவந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் உரசல் பெரும்பாலும் ரிம் அகலத்திலும் ஆஃப்செட்டிலும்தான் கிளம்பும். ரிம் ஹப்பில் ஒட்டும் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட், ‘ஈ.டி.’ என்று ரிம்மிலேயே பொறித்திருக்கும். ஐந்தரை இன்ச் அகலம், ஈ.டி. 45 உள்ள ரிம்மை எடுத்துவிட்டு 7 இன்ச், ஈ.டி. 35 போடுவதாக வைத்துக்கொள்வோம். அகலம் கூடியதில் பக்கத்துக்கு 19 மி.மீ., ஆஃப்செட் குறைந்ததில் 10. ரிம் வெளியே 29 மி.மீ. நீட்டும், உள்ளே 9 மி.மீ. ஷாக் அப்சார்பரை நெருங்கும். பின் சீட்டில் மூன்று பேரோடு ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது ஃபெண்டர் விளிம்பு டயரைச் சீவுவது அந்த 29-ஆல்தான். இதற்கு மருந்தாக ஸ்பேசரை நீட்டினால் வாங்காதீர்கள். அது ரிம்மை இன்னும் வெளியேதான் தள்ளும்.

ஸ்விஃப்ட்டின் போல்ட் அமைப்பு 4-க்கு 100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் நான்கு போல்ட்; நடுத்துளை 54.1 மி.மீ. வெளியில் விற்கும் அலாய்களில் துளை பெரும்பாலும் இதைவிடப் பெரிது. அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங்கைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கக்கூடும்.

என் ஓட்டு 15-க்கு. கம்பெனியே அந்த வண்டிக்கென்று தேர்ந்த அளவு, பழைய டயரைவிடக் கூடுதல் எடையும் தாங்கும். 16 தப்பில்லை; ரிம் 6 இன்ச்சுக்குள்ளும் ஆஃப்செட் பழையதை ஒட்டியும் இருக்கட்டும். 17 பார்க்க அம்சமாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் பக்கச்சுவர் 132-லிருந்து 92 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் நிறைந்த ஒரு பள்ளம் போதும், ரிம் நெளியும், டயர் பக்கவாட்டில் புடைக்கும். சாதாரண 205/45 ஆர்17-இன் சுமைக் குறியீடு 84, அதாவது 500 கிலோ. பழைய 14 இன்ச்சுக்கே 85. மாட்டியே தீருவேன் என்றால் 88 குறியீடுள்ள எக்ஸ்ட்ரா லோட் டயராகக் கேளுங்கள்.

எதுவானாலும் பணம் கொடுக்குமுன் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மாட்டச் சொல்லுங்கள். ஃபெண்டரின் உள்விளிம்பில் சாக்பீஸ் பூசி, பின் சீட்டில் ஆளேற்றி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுசாக ஒடித்து, ஒரு ஸ்பீடு பிரேக்கரை மெதுவாக ஏறி இறங்குங்கள். சாக்பீஸ் அழிந்திருந்தால் அந்த ரிம் வேண்டாம். மாற்றுவதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். மாட்டிப் பார்க்கவே கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு வண்டியை விடுங்கள்.